மாட்டுக்குக் கண்ணு புழு, திமில் புண்ணு வந்தா: புதுசா மாடு வாங்குனவங்களுக்கு ஒரு வழிகாட்டி

ரெண்டு வருசத்துக்கு முன்னாடி திருப்பூர்ல பனியன் கம்பெனி வேலைய விட்டுட்டு ஊருக்கு வந்து ரெண்டு ஜெர்சி கிராஸ், ஒரு காங்கேயம் காளை, நாலு வெள்ளாடுன்னு ஆரம்பிச்சேன். மூணாவது மாசம் ஒரு மாட்டுக்குக் கண்ணுல தண்ணியா ஊத்துச்சு. தூசி பட்டிருக்கும்னு விட்டேன். அப்புறம் பீளை கட்டுச்சு, அப்புறம் பூ விழுந்த மாதிரி கண்ணே வெள்ளையாச்சு. மெடிக்கல்ல பூச்சி மாத்திரை வாங்கிப் போட்டேன், ஒரு தடவை இல்ல, மூணு தடவை. சாணி டெஸ்ட்டும் பண்ணுனேன், "புழு முட்டை எதுவும் இல்ல"ன்னு வந்துச்சு. கடைசியில ஒரு டாக்டர் இமைய விரிச்சுக் காட்டுனப்பதான் தெரிஞ்சுது, வெள்ளை நூல் மாதிரி ஆறேழு புழு உள்ள நெளிஞ்சுட்டு இருந்துச்சு. ஒரு மாசம் வீணாப் போச்சு, ஒரு கண்ணுல இன்னும் மங்கல் இருக்கு.

அந்த ஒரு மாசம் உங்களுக்கு வீணாகக்கூடாதுன்னுதான் இத எழுதுறேன். ஒண்ணு மட்டும் மொதல்லயே சொல்லிடுறேன். இங்க சொல்லப்போற புழுவெல்லாம் குடல்ல இருக்குற புழு இல்ல, கண்ணுலயும் தோலுலயும் குடலுக்கு வெளிய வயித்து அறையிலயும் இருக்குறது. மாட்டுக்கு மாடு கொண்டுபோய் விடுறது ஈயும் கொசுவும். அதனால சாணி டெஸ்ட்ல தெரியாது, சாதாரண பூச்சி மாத்திரைய நம்பி உக்காரக்கூடாது, மாட்டுக்கு மட்டும் வைத்தியம் பாத்துட்டு எருக்குழிய அப்படியே விட்டா ரெண்டு மாசத்துல திரும்ப வரும்.

1. எந்தப் புழுன்னு பாருங்க

நம்ம பக்கம் தெரிஞ்சுக்க வேண்டியது மூணு.

கண்ணு புழு: டாக்டருங்க தேலேசியான்னு சொல்லுவாங்க. ஒண்ணு ரெண்டு சென்டிமீட்டர் நீளம், வெள்ளை நூல் மாதிரி இருக்கும். மூக்குப் பக்கத்து ஓரத்துல மாட்டுக்கு மூணாவதா ஒரு இமை இருக்கு, அதுக்கு அடியில ஒளிஞ்சிருக்கும். புழு உடம்புல வரி வரியா இருக்கும், அது கண்ணு மேல ஓடி ஓடி உரசித்தான் புண்ணாகுது. அறிகுறி என்னன்னா தண்ணி வடியும், வெளிச்சத்துக்குக் கண்ண மூடிக்கும், தலைய நிழல் பக்கம் திருப்பிக்கும், அப்புறம் பூ விழும்.

திமில் புண்ணு: இது ஸ்டெஃபனோஃபைலேரியான்னு ஒரு பொடிப் புழு, தோலுக்குள்ள இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அஸ்ஸாம்ல மொதல்ல கண்டுபிடிச்சதால பேருலயே அஸ்ஸாம் இருக்கு. சின்னச் சின்னப் பொரியா ஆரம்பிச்சு, அரிச்சு, முடி கொட்டி, மாடு மரத்துல கொண்டுபோய்த் தேச்சுத் தேச்சு ரத்தம் வந்து, பொருக்குத் தட்டி, தடிச்சுப் போயிடும். திமில்ல மட்டும்தான் வரும்னு இல்ல, கழுத்து, தோள்பட்டை, காலுலகூட வரும். எருமைக்கு காதுல வர்ற புண்ணும் இந்த வகையறாதான். மழைக்காலத்துல பெருசாகும், காஞ்ச காலத்துல ஆறுற மாதிரி இருக்கும். அந்த "ஆறுற மாதிரி"ய நம்பி விட்டுடாதீங்க.

வயித்தறைப் புழு: செட்டேரியான்னு பேரு, விரல் நீளத்துக்கு இருக்கும், கொசு பரப்புறது. மாட்டுக்குப் பெருசா ஒண்ணும் பண்ணாது. ஆனா ஆடு வச்சிருக்கவங்களுக்கு இதுதான் வில்லன், ஆறாவதுல சொல்றேன்.

இங்க ஏமாறுற இடம் நிறைய. கண்ணு வெள்ளையானா உடனே புழுன்னு முடிவு பண்ணாதீங்க. வைக்கோல் குத்தியிருக்கலாம், பிங்க் ஐன்னு ஒரு பாக்டீரியா நோயும் ஈயாலயே பரவுது, அதுக்கு வைத்தியமே வேற. திமில்ல புண்ணுன்னா நுகத்தடிப் புண்ணா இருக்கலாம், படையா இருக்கலாம், உடம்பு முழுக்க கட்டி கட்டியா வந்து காய்ச்சலும் இருந்தா தோல் கழலையான்னு பாக்கணும். அது வைரஸ், 2019-ல ஒடிசாவுல ஆரம்பிச்சு அடுத்த வருசம் நம்ம ஊருக்கும் வந்துச்சே அதேதான். அப்படி சந்தேகம் வந்தா அந்த மாட்டத் தனியா கட்டிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குச் சொல்லிடுங்க.

வீட்டுல பாக்குறதுன்னா காலையில, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி, ஒருத்தர் மூக்கணாங்கயிற இறுக்கிப் பிடிச்சுக்க, இன்னொருத்தர் கை கழுவிட்டு மேல் இமைய லேசா தூக்கிப் பாக்கணும். நகம் வெட்டிட்டுப் போங்க. புழு தெரிஞ்சா குச்சி, துணி எதுவும் விட்டு எடுக்கப் போகாதீங்க. செல்போன்ல வீடியோ எடுத்து வச்சுக்கங்க, அது போதும்.

2. போறதுக்கு முன்னாடி எடுத்து வைக்க வேண்டியது

காது டேக் நம்பர். மஞ்சத் தோடுல 12 இலக்கம் இருக்கும், சாணி அப்பி இருக்கும், கழுவிட்டு போட்டோ எடுத்துக்கங்க. டேக் இல்லன்னா மருந்தகத்துலயே கேட்டுப் போட்டுக்கங்க. டேக் இல்லாத மாட்டுக்கு நாளைக்கு இன்சூரன்ஸ், ஸ்கீம் எதுக்குப் போனாலும் அலைச்சல்தான்.

ஆதார் ஜெராக்ஸ், போன் நம்பர். பேங்க் பாஸ்புக் வைத்தியத்துக்குத் தேவையில்ல, இன்சூரன்ஸுக்குத்தான்.

ஒரு துண்டுச் சீட்டுல இத எழுதி வச்சுக்கங்க: என்னைக்கு ஆரம்பிச்சுது, சினையா, எத்தன மாசச் சினை, எவ்வளவு கறக்குது, கடைசியா என்ன பூச்சி மருந்து என்னைக்குக் கொடுத்தீங்க. அங்க போய் நின்னா எல்லாம் மறந்துரும், நான் சினை தேதிய மாத்திச் சொல்லி டாக்டர்கிட்ட திட்டு வாங்குனேன். சினை விசயம் ஏன் முக்கியம்னா ஆல்பென்டசோல் மாதிரி பூச்சி மருந்து சினை புடிச்ச மொதல் ஒண்ணரை மாசத்துல கொடுக்கக்கூடாது. மெடிக்கல்ல யாரும் இத கேக்க மாட்டாங்க. என்கிட்ட மூணு தடவையும் கேக்கல.

புழு தானா வெளிய வந்து கெடச்சா சின்ன பாட்டில்ல உப்புத்தண்ணியில போட்டு எடுத்துட்டுப் போங்க. காய்ச்சி ஆறவச்ச தண்ணி லிட்டருக்கு 9 கிராம் உப்பு, அதுக்கு மேல கரிக்க வேணாம். வெறுந்தண்ணியில போட்டா புழு ஊதி வெடிச்சுரும். பாட்டில் மேல தேதி, டேக் நம்பர் ஒட்டுங்க.

இன்சூரன்ஸ் போட்டவங்க ரெண்டு விசயம் கவனிங்க. பெரும்பாலான பாலிசியில மொதல் 15 நாளுக்குள்ள நோய்ல செத்தா பணம் வராது, அதனால நோய் வந்தப்புறம் ஓடிப்போய் போடுறதுல பிரயோஜனம் இல்ல. அப்புறம் சாதாரண பாலிசிங்குறது சாவுக்குத்தான், ஒரு கண்ணு போனதுக்கெல்லாம் காசு கெடைக்காது. ஆனா ஓபி சீட்டு ஒண்ணு விடாம பத்திரப்படுத்துங்க, பின்னாடி க்ளெய்ம்னு வந்தா வைத்தியம் பாத்ததுக்கு அதுதான் சாட்சி.

3. எங்க போறது, எப்ப போறது

மொதல்ல உங்க ஊர் அரசு கால்நடை மருந்தகம். வைத்தியம் இலவசம், ஸ்டாக்ல இல்லாத மருந்து மட்டும் வெளிய வாங்கச் சொல்லுவாங்க. காலையில சீக்கிரமா போயிடுங்க, பத்து மணிக்கு மேல டாக்டர் சினை ஊசி, கேம்ப்னு கெளம்பிட்டா சாயங்காலம்தான். மாட்ட நடத்திக் கூட்டிட்டுப் போக முடியாதுன்னா 1962-க்கு போன் பண்ணலாம், கால்நடை ஆம்புலன்ஸ், காசில்லாத நம்பர். எந்த ஊர், என்ன தொந்தரவு, டேக் நம்பர் கேப்பாங்க. அவசரம்னு பொய் சொல்லாதீங்க, அதே நேரத்துல எங்கயோ ஒரு மாடு கன்னு போட முடியாம கெடக்கும்.

புண்ணோ பூவோ முத்திப்போச்சுன்னா கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. எனக்கு நாமக்கல் கிட்ட, மத்தவங்களுக்கு சென்னை வேப்பேரி, ஒரத்தநாடு, திருநெல்வேலின்னு இருக்கு. அங்க கண்ணு பாக்குற வசதி இருக்கு, திமில் புண்ணுல பொருக்கச் சுரண்டி மைக்ராஸ்கோப்ல பாக்குற லேபும் இருக்கு. சின்னதா பதிவுக் கட்டணம் இருக்கும். வண்டி வாடகைதான் பெரிய செலவு, எனக்கு டாடா ஏஸ் போக வர 1,800 ஆச்சு. பக்கத்து வீட்டு மாட்டுக்கும் வேலை இருந்தா சேந்து போங்க. பல மாவட்டத்துல கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவும் இருக்கு, ரத்தம், தோல் சாம்பிளெல்லாம் உங்க டாக்டர் மூலமாவே அங்க அனுப்பலாம், மாட்ட ஏத்திட்டு அலைய வேணாம்.

4. வைத்தியம் நடக்குற அன்னைக்கு

கண்ணு புழுவுக்கு: கண்ணுல மரத்துப்போற சொட்டு மருந்து விட்டு, அஞ்சு நிமிசம் கழிச்சு, நுனி மழுங்குன மெல்லிசு இடுக்கியால ஒண்ணொண்ணா எடுப்பாங்க, அப்புறம் மருந்து கலந்த தண்ணியால நல்லா அலசுவாங்க. கண்ணீர்க் குழாய்க்குள்ளயும் புழு ஒளிஞ்சிருக்கும், அதனாலதான் அலசுறது. உங்க வேலை மாட்ட அசையாம பிடிக்கிறது. ட்ரெவிஸ்ல, அதாவது மாட்ட நிறுத்திப் பிடிக்கிற கம்பிச் சட்டத்துல கட்டி, ரெண்டு ஆளாவது வேணும், மாமனையோ மச்சானையோ கூட்டிட்டுப் போங்க. தனியா போய் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

சொட்டு மருந்துல ஒரு பெரிய கண்ணி இருக்கு. கண்ணு செவந்திருக்குன்னு சொன்னா சில கடையில ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து எடுத்துக் கொடுத்துருவாங்க. கண்ணுல புண்ணு இருக்கும்போது அத விட்டா புண்ணு ஆழமாகி கண்ணே ஓட்டையாகலாம். டாக்டர் ஒரு மஞ்சள் சாயம் விட்டுப் பாப்பாரு, புண்ணு இருக்குற எடம் மட்டும் பச்சையா மின்னும். அத பாத்துட்டுத்தான் எந்த மருந்துன்னு முடிவு. அதே மாதிரி உப்புத்தூள ஊதுறது, புகையிலைச் சாறு பிழியுறது, வெத்தலைய மென்னு துப்புறது எல்லாத்தையும் யாராவது ஒரு பெரியப்பா வந்து சொல்லுவாரு. கும்புட்டு அனுப்பி வச்சுருங்க.

திமில் புண்ணுக்கு: வெதுவெதுப்பான மருந்துத் தண்ணியில பொருக்க ஊறவச்சு எடுத்துட்டுத்தான் ஆயின்மென்ட் போடணும். புழு பொருக்குக்கு அடியில தோலுக்குள்ள இருக்கு, மேலால பூசி என்ன ஆகப்போகுது. ட்ரைக்ளோர்ஃபான் கலந்த களிம்பு எழுதிக் கொடுப்பாங்க, அது பூச்சிக்கொல்லி வகை, அதனால சொன்ன அளவு மட்டும், கையுறை போட்டு, பக்கத்து மாடு நக்காத மாதிரி தள்ளிக் கட்டி. வயக்காட்டுக்கு அடிக்கிற மருந்த வேப்பெண்ணெயில கலக்கிப் பூசுறவங்கள பாத்திருக்கேன், தயவு செஞ்சு வேணாம், மாடு நொர தள்ளிச் சாகும். புண்ணு மேல ஈ உக்காராம இருக்க ஈ விரட்டுற ஸ்ப்ரேவும் கேட்டு வாங்குங்க. அது ஏதோ கூடுதல் செலவுன்னு நெனச்சு விட்டேன், தப்பு. அந்த ஈ புண்ணுல உக்காந்து குட்டிப் புழுவ உறிஞ்சிட்டுத்தான் அடுத்த மாட்டுக்குப் போகுது.

5. ஊசி போடச் சொன்னா

ஐவர்மெக்டின் ஊசி கண்ணு புழு, திமில் புண்ணு ரெண்டுக்குமே கொடுக்குறாங்க. சாதாரணமா கிடைக்கிற 1 சதவீத மருந்துல 50 கிலோ எடைக்கு 1 மில்லி, தோலுக்கு அடியில, நரம்புல போடவே கூடாது. எடைய கண்ணால சொல்லாதீங்க. தையல் டேப் எடுத்து முன்னங்காலுக்குப் பின்னாடி நெஞ்சுச் சுத்தளவு, தோள்பட்டையில இருந்து பின் எலும்பு வரைக்கும் நீளம், ரெண்டையும் இன்ச்ல எடுங்க. சுத்தளவ சுத்தளவால பெருக்கி, நீளத்தால பெருக்கி, 660-ஆல வகுத்தா கிலோ வரும். என் மாடு சுத்தளவு 66, நீளம் 56, கணக்கு போட்டா 370 கிலோ. நான் கண்ணால சொன்னது 250. அந்தக் கணக்குல போட்டிருந்தா மருந்து பத்தியிருக்காது. டாக்டர்தான் போடுவாரு, ஆனா எடைய நீங்க சரியா சொல்லுங்க.

பால் விசயம். ஐவர்மெக்டின் பால்ல வரும், லேபிள்லயே கறவை மாட்டுக்கு வேணாம்னு போட்டிருக்கும். அதனால "கறந்துட்டு இருக்கு, சொசைட்டிக்கு ஊத்துறேன்"னு வாயத் தொறந்து சொல்லுங்க. கண்ணு புழுவ கையால எடுத்து அலசுனாலே பாதிக்கு மேல வேலை முடிஞ்சுது, வேற மருந்து வழியும் டாக்டருக்குத் தெரியும். ஊசி போட்டே ஆகணும்னா எத்தன நாள் பால் ஊத்தக்கூடாதுன்னு சீட்டுல எழுதி வாங்கிக்கங்க. புழு பால் வழியா வருமான்னு எங்க அம்மா கேட்டாங்க. வராது, பயப்பட வேணாம், மருந்துதான் வரும்.

மிச்ச மருந்த நாய்க்குப் போடாதீங்க, சில ஜாதி நாய்க்கு அது விஷம்.

6. ஆடும் சேத்துக் கட்டுறவங்களுக்கு

மாட்டு வயித்தறையில இருக்குற செட்டேரியா, ரத்தத்துல குட்டிகள விடும். கொசு மாட்டக் கடிச்சுட்டு ஆட்டக் கடிக்கும்போது அது ஆட்டுக்குள்ள போய், வழி தெரியாம முதுகுத்தண்டுலயும் மூளையிலயும் சுத்தும். நல்லா இருந்த ஆடு திடீர்னு பின்னங்கால இழுக்கும், சாஞ்சு நடக்கும், விழுந்துரும், தீனி மட்டும் நல்லா தின்னும். குதிரைக்கும் வரும், குதிரைக்காரங்க இத கும்ரின்னு சொல்லுவாங்க. விழுந்தப்புறம் எந்திரிக்கிறது கஷ்டம், கால் தடுமாறுன அன்னைக்கே காட்டுனா சான்ஸ் இருக்கு. ஒரு ஆடு எனக்குப் போச்சு, "குளிர் வாதம்"னு நாலு நாள் எண்ணெய் தேச்சுட்டு இருந்தேன்.

இங்க ஒரு எச்சரிக்கை. பின்னங்கால் வராம போறது வெறிநாய்க்கடிக்கும் வரும். எச்சில் ஒழுகுது, குரல் மாறுது, முழுங்க முடியலன்னா வாய்க்குள்ள கைய விடாதீங்க, மருந்து புகட்டாதீங்க, டாக்டர் வர்ற வரைக்கும் தள்ளியே இருங்க.

ஆட்டுப் பட்டிய மாட்டுக் கட்டுத்தரையில இருந்து முடிஞ்ச அளவு தள்ளிப் போடுங்க, சாயங்காலம் ஆட்டுக்குக் கொசுவலைப் பாய் கட்டுங்க. எனக்கு பழைய ஷேட் நெட்டும் கொசுவலையும் சேத்து 900 ரூபாய்ல முடிஞ்சுது.

7. சாணி, ஈ, தண்ணி: பாதி வைத்தியம் இங்கதான்

கண்ணு புழுவயும் திமில் புண்ணயும் பரப்புற ஈ கடிக்கிற ஈ இல்ல, நக்குற ஈ. கண்ணீர், பீளை, புண்ணுல வர்ற நீர் இதுதான் அதுக்குச் சாப்பாடு. கண்ணீர்ல இருக்குற குட்டிப் புழுவ நக்கும், அது ஈ உடம்புக்குள்ள ரெண்டுல இருந்து நாலு வாரம் வளந்து, ஈயோட வாய்க்கு வந்து, அடுத்த மாட்டுக் கண்ணுல உக்காரும்போது இறங்கிடும். இதே ஈ முட்டை போடுறது பச்சைச் சாணியில. வெயில் நாள்ல ஒரு வாரம், பத்து நாள்ல முட்டை ஈயாகிடும். அப்ப கணக்கு சுலபம்: ஒரு வாரத்துக்குள்ள அந்தச் சாணி ஈக்கு உதவாத மாதிரி ஆகணும்.

தினம் ரெண்டு வேளை அள்ளுங்க. எருக்குழிய கட்டுத்தரையில இருந்து தள்ளி வைங்க, என்னுது பத்தடியில இருந்துச்சு, அதான் வினையே. குவியல தார்ப்பாய் போட்டு மூடி ஓரத்துல மண்ணு தள்ளுங்க, உள்ள சூடேறி முட்டையும் புழுவும் செத்துரும். தார்ப்பாய் 1,100 ரூபாய், இந்த லிஸ்ட்லயே உருப்படியான செலவு இதுதான். சாண கேஸ் கலன் இருந்தா இன்னும் நல்லது. வறட்டி தட்டுறவங்க மெல்லிசா தட்டி வெயில்ல காய வைங்க, காஞ்ச சாணியில ஈ வளராது. மூத்திரம் ஊறுன வைக்கோலயும் சேத்து அள்ளுங்க, அதுல வேற ஜாதி ஈ வளரும், அது கடிக்கும்.

கொசுவுக்கு: காடித்தொட்டிய வாரம் ஒரு தடவை கவுத்துக் காய விடுங்க. பழைய டயர், தேங்காத் தொட்டி, கழுவுன தண்ணி தேங்குற பள்ளம். சொல்லவே வேணாம்.

டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் மாதிரி ஈ மருந்து அடிக்கிறதுன்னா லேபிள்ல போட்ட அளவுதான், கண்ணு, மடி, தீவனம், தண்ணித்தொட்டி மேல படக்கூடாது, மீன் குட்டை பக்கத்துல இருந்தா அடிக்கவே வேணாம். மருந்த மட்டும் நம்புனா ஈ பழகிக்கும். சாயங்காலம் வேப்பிலை, நொச்சி மூட்டம் நல்லதுதான், ஆனா கண்ணுல புண்ணு இருக்குற மாட்ட அந்தப் புகையில கட்டாதீங்க, எரிச்சலாகி இன்னும் தண்ணி வடிஞ்சு இன்னும் ஈ வரும். தேவையில்லாம மாசாமாசம் ஐவர்மெக்டின் போடாதீங்க, சாணியில அது வெளிய வந்து சாணி உருட்டுற வண்டக் கொல்லும், அந்த வண்டு சும்மாவே நமக்கு ஈய கொறச்சுக் கொடுத்துட்டு இருக்கு.

கறக்கும்போது உங்க மொகத்துல ஈ உக்காந்தா விரட்டுங்க. சிரிக்காதீங்க, அமெரிக்காவுல ஓரேகான்ல மாட்டுக் கண்ணு புழு 2016-ல ஒரு பொம்பளப்புள்ள கண்ணுல வந்து 14 புழு எடுத்திருக்காங்க. ரொம்ப அபூர்வம்தான், ஆனாலும் விரட்டுங்க.

8. நாள் கணக்கும் செலவும்

வைத்தியம் பாத்த நாள ஒண்ணுன்னு வச்சுக்கிட்டு காலண்டர்ல வட்டம் போடுங்க. ஏழாவது நாள் திரும்பக் காட்டணும், விட்டுப்போன புழு இருந்தா அலசுவாங்க, புண்ணு ஆறுதான்னு பாப்பாங்க. மூணு வாரம் கழிச்சு எல்லா மாட்டுக் கண்ணையும் நீங்களே பாருங்க, நோய் வந்தத மட்டும் இல்ல. அப்புறம் ரெண்டு மாசம் முடியறப்ப ஒருதடவை. ஈக்குள்ள ரெண்டுல இருந்து நாலு வாரம், மாட்டுக்குள்ள பெருசாக இன்னொரு மூணு நாலு வாரம், அதனால அன்னைக்கே ஈ உடம்புல இருந்த புழு ஏறக்குறைய ரெண்டாவது மாசம்தான் கண்ணுக்குத் தெரியும். அப்ப புதுசா புழு இருந்தா டாக்டர குறை சொல்லாதீங்க, எருக்குழியப் போய்ப் பாருங்க. பூ விழுந்தது கலைய வாரக்கணக்காகும், ஆழமான புண்ணா இருந்திருந்தா தழும்பு நிக்கும். திமில் புண்ணுக்கு முடி மொளைக்க ஒன்றரை ரெண்டு மாசம் பொறுமை வேணும்.

எனக்கு மொத்தம் ஆனது: தேவையில்லாத மாத்திரை 400, வண்டி 1,800, வெளிய வாங்குன மருந்து, ஸ்ப்ரே 750, தார்ப்பாய் 1,100, வலை 900. பால் நஷ்டம் தனி. மொதல் வாரமே ஊர் மருந்தகத்துக்கு நடத்திக் கூட்டிட்டுப் போயிருந்தா வண்டியும் மாத்திரையும் மிச்சம்.

9. அடுத்த மாடு வாங்கும்போது

சந்தையில பல்லப் பாக்குறோம், மடியப் பாக்குறோம், கண்ண யாரும் பாக்குறதில்ல. ரெண்டு கண்ணையும் வெளிச்சத்துல திருப்பிப் பாருங்க, கன்னத்துல கண்ணீர்த் தடம் கறுப்பா இறங்கியிருக்கான்னு பாருங்க. தடத்த கழுவிட்டு ஓட்டிட்டு வருவாங்க, அதனால அரை மணி நேரம் பக்கத்துல நின்னு டீ குடிச்சுட்டுத் திரும்பப் பாருங்க. திமில்லயும் கழுத்துலயும் கைய ஓட்டுங்க, மஞ்சளோ எண்ணெயோ பூசியிருந்தா கையில ஒட்டும், ஏன் பூசுனாங்கன்னு கேளுங்க. டேக் நம்பர குறிச்சுக்கிட்டு, விக்கிறவர்கிட்ட எழுதி வாங்குங்க. வீட்டுக்கு வந்ததும் மூணு வாரம் தனியா கட்டுங்க, மத்த மாட்டுல இருந்து எவ்வளவு தள்ளிக் கட்ட முடியுமோ அவ்வளவு. கயிறு எட்டாத தூரம்னா போதும்னு நெனச்சுத்தான் நான் கட்டுனேன், ஈக்கு அதெல்லாம் ஒரு தூரமா.